சி நிரலிலிருந்து காத்திருக்காமல் டி.என்.எஸ். கேட்பது: ஓர் எளிய விளக்கம்

நீலகிரியில் மழைமானிகளின் அளவைத் திரட்டும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். குன்னூரில் ஓர் அறையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று ஓடுகிறது. கோத்தகிரி, குந்தா, அவலாஞ்சி, தேவாலா, மசினகுடி என்று 40 இடங்களில் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் அந்த 40 பெயர்களையும் ஐ.பி. முகவரிகளாக மாற்றி, கருவிகளோடு பேசி, அளவை எழுதிவைக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு கற்பனைதான், தேவை கற்பனையல்ல. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அளவுகள் மிக அவசரமாகத் தேவைப்படும் அப்படிப்பட்ட நாளில்தான் மண் சரிந்து ஃபைபர் அறுகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது. மலைக்குள்ளேயே கருவிகளை இணைக்கும் வயர்லெஸ் தொடர்பு நன்றாக இருக்கும். ஆனால் பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வர் சமவெளியில் எங்கோ இருக்கும், அது எட்டாது. வெயில் நாளில் தடங்கலின்றி ஓடிய நிரல் அன்றைக்கு உறைந்து நிற்கும். அது உறையும் இடம் யாரும் சந்தேகிக்காத ஒரே ஒரு வரி.

எங்கே உறைகிறது

சி மொழியில் பெயரை முகவரியாக மாற்ற நாம் கூப்பிடுவது கெட்அட்ரின்ஃபோ என்ற ஃபங்ஷன். (ஃபங்ஷன் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம்.) பெயரைக் கொடுத்தால் முகவரிப் பட்டியலைத் திருப்பித் தரும். பயன்படுத்த எளிது, பெயர்களையும் முகவரிகளையும் நாமே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்கும், ஐ.பி. 4, ஐ.பி. 6 இரண்டையும் கையாளும். ஒரே குறை: விடை தெரியும்வரை திரும்பி வராது.

எவ்வளவு நேரம் வராது? லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் இயல்பான அமைப்பு இது: ஒரு சர்வருக்கு 5 விநாடி காத்திருப்பு, மொத்தம் 2 சுற்று முயற்சி. டி.என்.எஸ். சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ஒரே ஒரு சர்வர் இருந்து அது செத்திருந்தால் ஒரு பெயருக்கு 10 விநாடி. இரண்டு சர்வர் இருந்து இரண்டும் செத்திருந்தால் 20. அந்தக் கோப்பில் பெயரோடு ஒட்டிப் பார்க்க வேண்டிய தேடல் டொமைன்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து மறுபடி கேட்கும், நேரம் இன்னும் கூடும்.

நம் நிரலில் 40 பெயர்கள். ஒன்றன்பின் ஒன்றாக 10 விநாடி என்றால் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி. சுற்று நேரமோ 5 நிமிடம். ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்றின் நேரம் வந்துவிடுகிறது. இதற்கிடையில் அதே நிரல் பார்த்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை மணி, திரை, சீரியல் போர்ட்டில் நேரடியாகச் செருகிய கருவி எதையும் அது பார்ப்பதில்லை.

ரிசால்வ்.கான்ஃப்பில் ஆப்ஷன்ஸ் வரியில் டைம்-அவுட்டை 1 விநாடியாகவும் முயற்சியை 1 ஆகவும் குறைக்கலாம். அவசரத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் அது அந்த இயந்திரத்தில் ஓடும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். தாமதமாக, ஆனால் சரியாக வரும் பதில்களும் தள்ளப்படும். நிரல் நின்று காத்திருக்கிறது என்ற அடிப்படைச் சிக்கலும் அப்படியே இருக்கும்.

காத்திருப்பு யார் கையில்

காத்து நிற்காமல் கேட்கும் முறைக்கு அசின்க்ரனஸ் என்று பெயர். அசின்க்ரனஸ் என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கேள்விக்கு விடை வரும் நேரம் இதனால் ஒரு மில்லிவிநாடிகூடக் குறையாது. மாறுவது ஒன்றுதான்: காத்திருப்பு லைப்ரரியின் கையிலிருந்து நம் கைக்கு வருகிறது. கேள்வியை அனுப்புகிறோம், எதைக் கேட்டோம் என்று குறித்துவைக்கிறோம், வேறு வேலை பார்க்கிறோம். பதில் வந்ததும் குறிப்பைத் தேடி எடுத்து, அதற்குரிய கால்பேக்கை, அதாவது விடை வந்ததும் கூப்பிட என்று முன்பே கொடுத்துவைத்த ஃபங்ஷனை, கூப்பிடுகிறோம். எவ்வளவு நேரம் பொறுப்பது, எத்தனை முறை மறுபடி கேட்பது, எப்போது கைவிடுவது எல்லாம் இனி நம் முடிவு. நிரலின் பெரும்பகுதி இந்த முடிவுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். அனுப்பும் பகுதி சின்னது.

இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உண்டு. ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் த்ரெட்டுகளுக்குள் கெட்அட்ரின்ஃபோவை ஓடவிடுவது, டி.என்.எஸ். பாக்கெட்டை நாமே கட்டி யு.டி.பி. சாக்கெட்டில் அனுப்புவது, அதற்கென்றே எழுதப்பட்ட சி-ஏரெஸ் போன்ற லைப்ரரியை எடுப்பது. பெயர்கள் ஐந்தாறு மட்டுமே என்றால் முதலாவது போதும். பத்து இருபதைத் தாண்டினால் மூன்றாவதுதான் எங்கள் பரிந்துரை. நடுவிலிருப்பதை உற்பத்தி நிரலுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஆனால் ஒருமுறையாவது எழுதிப் பார்க்காமல் மற்ற இரண்டும் ஏன் அப்படி நடக்கின்றன என்பது விளங்காது. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

த்ரெட் வழி

நான்கைந்து த்ரெட்டுகளை உருவாக்கி, ஒரு வரிசையில் பெயர்களைப் போடுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு பெயரை எடுத்து, கெட்அட்ரின்ஃபோவைக் கூப்பிட்டு, விடையை வேறொரு வரிசையில் வைத்து, ஒரு பைப்பில் ஒரு பைட் எழுதட்டும். முதன்மை த்ரெட் தன் 'போல்' சுழற்சியில் (எதில் தரவு வந்திருக்கிறது என்று காத்திருந்து சொல்லும் ஃபங்ஷன்தான் 'போல்') அந்தப் பைப்பின் படிக்கும் முனையையும் கண்காணிக்கும். நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிப்யுவி இதைத்தான் செய்கிறது. அதன் இயல்பான த்ரெட் எண்ணிக்கை 4.

கவனிக்க வேண்டியது: நான்கு த்ரெட்டும் செத்த சர்வரைக் கேட்டு மாட்டிக்கொண்டால் ஐந்தாவது பெயர் வரிசையில் காத்துக்கிடக்கும். 40 பெயர், 4 த்ரெட், தலா 10 விநாடி என்றால் மொத்தம் 100 விநாடி. உள்ளே மாட்டிய த்ரெட்டைப் பாதுகாப்பாக வெளியே இழுக்கவும் முடியாது. நிரலை நிறுத்தச் சொன்னாலும் அது முடியும்வரை பொறுக்க வேண்டியிருக்கும். ஜிலிப்சியே தரும் கெட்அட்ரின்ஃபோ_ஏ என்ற ஃபங்ஷனும் உள்ளுக்குள் த்ரெட்டுகளைத்தான் பயன்படுத்துகிறது. அதில் காய்_கேன்சல் என்று ரத்து செய்யும் ஃபங்ஷன் உண்டு, ஆனால் ஏற்கெனவே தொடங்கிவிட்ட கேள்வியை அது ரத்து செய்யாது. கேள்விக்குக் கொடுத்த பெயரின் நினைவகத்தை விடை வரும்வரை விடுவிக்கக் கூடாது என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆல்பைன் லினக்ஸில் உள்ள மஸ்ல் லைப்ரரியில் இந்த ஃபங்ஷனே கிடையாது.

பாக்கெட்டைக் கையால் கட்டுவது

டி.என்.எஸ். பாக்கெட்டின் வடிவம் 1987-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1035 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. எழுதியவர் பால் மோக்கபெட்ரிஸ். இன்றும் நாம் அனுப்புவது அதே வடிவம்.

முதல் 12 பைட் தலைப்பு. அதில் இரண்டிரண்டு பைட்டாக ஆறு எண்கள்: அடையாள எண், கொடிகள், கேள்விகள் எத்தனை, விடைகள் எத்தனை, அதிகாரப் பதிவுகள் எத்தனை, கூடுதல் பதிவுகள் எத்தனை. நாம் அனுப்பும்போது கேள்வி 1, கடைசி மூன்றும் 0. கொடிகளில் ஒன்றை மட்டும் ஏற்ற வேண்டும்: 'நீயே முழுக்கத் தேடிச் சொல்' என்று சர்வரிடம் கேட்கும் பிட். அதாவது மூன்றாவது பைட் 1, நான்காவது பைட் 0. இதை மறந்தால் சர்வர் தன் நினைவில் இருப்பதை மட்டும் சொல்லும் அல்லது மறுத்துவிடும்; பாக்கெட் சரியாக இருந்தும் விடை வராது.

எல்லா எண்களும் பெரிய பைட் முதலில் வரும் நெட்வொர்க் வரிசையில் இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பையும் நம் மடிக்கணினியும் சிறிய பைட்டை முதலில் வைப்பவை. எச்.டி.ஓ.என்.எஸ். ஃபங்ஷன் வழியாக மாற்றாமல் எழுதினால் கேள்வி எண்ணிக்கை 1 என்பது 256 ஆகிப் போகும். சர்வர் 'வடிவப் பிழை' என்று 1-ஆம் எண் பிழையைத் திருப்பும்.

அடுத்து பெயர். புள்ளிகள் பாக்கெட்டில் போகாது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட், பிறகு எழுத்துகள், கடைசியில் 0. ஆங்கில எழுத்தில் நான்கு எழுத்து ஊட்டி, பிறகு ஏழெழுத்து எக்ஸாம்பிள், மூன்றெழுத்து காம் என்று ஒரு பெயர் இருந்தால் 4, நான்கு எழுத்து, 7, ஏழு எழுத்து, 3, மூன்று எழுத்து, 0. மொத்தம் 18 பைட். ஒரு துண்டு 63 பைட்டுக்கு மேலும் முழுப்பெயர் 255 பைட்டுக்கு மேலும் போகக் கூடாது. பெயருக்குப் பின் வகை இரண்டு பைட் (ஐ.பி. 4 முகவரிக்கு 1, ஐ.பி. 6 முகவரிக்கு 28), வகுப்பு இரண்டு பைட் (எப்போதும் 1). ஆக 12 + 18 + 4 = 34 பைட். இவ்வளவுதான் கேள்வி. நம் மழைமானிகள் ஐ.பி. 4 மட்டுமே பேசும் என்றால் வகை 1-ஐ மட்டும் கேளுங்கள். தேவையில்லாத 40 கேள்விகள் மிச்சம்.

தமிழில் டொமைன் பெயர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழெழுத்திலேயே உயர்நிலை டொமைன்கள் உண்டு. ஆனால் கம்பியில் தமிழ் எழுத்து அப்படியே போவதில்லை. எக்ஸ்-என் என்று தொடங்கும் பியூனிகோடு வடிவமாக மாறித்தான் போகும். 'ஊட்டி' என்பது யு.டி.எஃப்-8-இல் 15 பைட். நீளத்தை எண்ணும் ஸ்டிர்லென் ஃபங்ஷன் 15 என்று சொல்வதை நம்பி அந்த 15 பைட்டையும் துண்டாக அனுப்பினால் சர்வர் 'அப்படியொரு பெயரே இல்லை' என்றுதான் சொல்லும். லிப்ஐடிஎன்2 லைப்ரரியால் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பாக்கெட் கட்டுங்கள். கெட்அட்ரின்ஃபோவிலோ ஏஐ_ஐடிஎன் என்ற கொடியை ஏற்றினால் ஜிலிப்சியே மாற்றிக்கொள்ளும்.

அனுப்புவது

யு.டி.பி. சாக்கெட்டைக் காத்து நிற்காத நான்-பிளாக் முறையில் திறந்து, டி.என்.எஸ். சர்வரின் 53-ஆம் போர்ட்டுக்கு கனெக்ட் செய்யுங்கள். யு.டி.பி.க்கு எதற்கு கனெக்ட் என்று தோன்றும். இரண்டு நன்மை. அந்த முகவரியிலிருந்து வராத பாக்கெட்டுகளைக் கெர்னலே தள்ளிவிடும். அடுத்தது, சர்வர் இருக்கும் இயந்திரம் உயிரோடு இருந்து சேவை மட்டும் நின்றிருந்தால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற பிழை உடனே வந்து சேரும். டைம்-அவுட் வரை சும்மா உட்கார வேண்டாம்.

அடையாள எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வெளியிலிருந்து ஒருவர் அந்த எண்ணை ஊகித்துப் பொய்ப்பதிலை முந்தி அனுப்பினால் நிரல் அதை நம்பிவிடும். 2008-இல் டான் காமின்ஸ்கி இந்தப் பலவீனத்தை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியபின் உலகம் முழுவதும் டி.என்.எஸ். சர்வர்களை அவசரமாகத் திருத்த வேண்டியதாயிற்று. 16 பிட் அடையாள எண்ணோடு, அனுப்பும் போர்ட்டும் தற்செயலானதாக இருக்க வேண்டும் என்பதே அன்று செய்த திருத்தம். எண்ணை கெட்ரேண்டம் வழியாக எடுங்கள். விதை போடாத ரேண்ட் ஃபங்ஷன் ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் அதே எண்களையே அதே வரிசையில் தரும்.

40 கேள்விகளையும் ஒரே நொடியில் கொட்டவும் கூடாது. மலைமேல் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் மலிவான ரவுட்டர்கள் டி.என்.எஸ். கேள்விகளை வாங்கி மேலே அனுப்பும் இடைத்தரகராகவும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் நிறையக் கேள்விகள் வந்தால் சிலவற்றைச் சத்தமில்லாமல் தவறவிடும். ஒரு நேரத்தில் 10 கேள்விகள் வெளியே இருக்கட்டும். ஒன்று முடிந்ததும் அடுத்ததை அனுப்புங்கள்.

காத்திருப்பது

இங்கேதான் உண்மையான வேலை. வெளியே போயிருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டவணை வரி வேண்டும்: அடையாள எண், பெயர், வகை, கெடு, எத்தனையாவது முயற்சி, கால்பேக், அதற்குரிய தரவு. சுழற்சியில் போல் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, அட்டவணையில் மிக அருகிலிருக்கும் கெடுவரை மட்டும் காத்திருக்கச் சொல்லுங்கள். போல் மில்லிவிநாடிக் கணக்கு. மீதம் 0.4 மில்லிவிநாடி இருக்கும்போது அதைக் கீழே முழுமையாக்கினால் 0 ஆகி, கெடு வரும்வரை நிரல் சி.பி.யூ.வைத் தின்றபடி சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதும் மேலே முழுமையாக்குங்கள்.

கெடுவை எந்தக் கடிகாரத்தில் அளக்கிறோம் என்பது மலையில் இன்னும் முக்கியம். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்ததும் பழைய நேரத்தோடு எழும்; இணையம் கிடைத்ததும் நேரம் மணிக்கணக்கில் தாவும். சாதாரணக் கடிகாரத்தில் கெடு வைத்திருந்தால், அந்தத் தாவலில் எல்லாக் கேள்விகளும் ஒரே நொடியில் காலாவதியாகும். நேரம் பின்னால் திருத்தப்பட்டால் எதுவுமே காலாவதியாகாது. நேரத் திருத்தத்தால் தாவாத கிளாக்_மோனோடோனிக் கடிகாரத்தை மட்டுமே பயன்படுத்துங்கள்.

முயற்சிகளுக்கு எங்கள் எண்கள்: முதல் முறை 2 விநாடி, மறுமுறை 4 விநாடி, மூன்றாவது முறை வேறு சர்வரிடம் 4 விநாடி. மொத்தம் 10. ஒரு நேரத்தில் 10 கேள்விகள் என்பதால் எல்லா சர்வரும் செத்த மோசமான நாளில்கூட 40 பெயர்களும் 40 விநாடியில் தீர்மானமாகிவிடும். அந்த 40 விநாடியும் நிரல் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதே சர்வரிடம் மறுபடி அனுப்பும்போது அடையாள எண்ணை மாற்ற வேண்டாம். முதல் கேள்விக்கான பதில் தாமதமாக வந்தாலும் அப்போது அது பயன்படும். ஒரே கேள்வியைப் பல அடையாள எண்களோடு ஒரே நேரத்தில் வெளியே விடுவது பொய்ப்பதில் அனுப்புபவரின் வேலையையும் எளிதாக்கும்.

பதில் வந்தால் நம்பிவிடாமல் சரிபார்க்க வேண்டும். நீளம் 12 பைட்டாவது இருக்கிறதா? மூன்றாவது பைட்டின் உச்சி பிட் 1-ஆக, அதாவது இது பதில்தான் என்று இருக்கிறதா? அடையாள எண் அட்டவணையில் உண்டா? உள்ளே திரும்பி வந்திருக்கும் கேள்வி, நாம் கேட்டதோடு ஒத்துப்போகிறதா? (பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கக் கூடாது.) ஒன்று தவறினாலும் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து காத்திருங்கள், கேள்வியையே தோல்வி என்று முடித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் குப்பைப் பாக்கெட் அனுப்பி நம் நிரலைக் கெடுக்கலாம்.

நான்காவது பைட்டின் கீழ் நான்கு பிட் விடைக்குறி. 0 சரி. 3 என்றால் அந்தப் பெயர் இல்லை. மறுபடி கேட்பதில் பயனில்லை. 2 என்றால் சர்வரால் இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு சர்வரிடம் கேட்டுப் பார்க்கலாம். 5 என்றால் சர்வர் மறுக்கிறது. இந்த மூன்றையும் ஒரே 'தோல்வி' என்று சுருட்டிவிடாதீர்கள். 3 வந்தால் கருவியின் பெயரை யாரோ தவறாகத் தட்டியிருக்கிறார்கள். 2 வந்தால் தொடர்பில் கோளாறு. இரண்டுக்கும் எழுந்து ஓடவேண்டிய ஆள் வேறு வேறு.

மூன்றாவது பைட்டில் 'துண்டிக்கப்பட்டது' என்ற பிட் ஏறியிருந்தால் பதில் யு.டி.பி.யில் அடங்கவில்லை என்று பொருள். பழைய வரம்பு 512 பைட். அதே கேள்வியை டி.சி.பி.யில், முன்னால் இரண்டு பைட் நீளம் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒற்றை முகவரிக்கு இது அரிது, ஆனாலும் எழுதிவைக்காமல் விடக்கூடாது.

விடையைப் பிரிக்கும்போது பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நீள பைட் 192 அல்லது அதற்கு மேல் இருந்தால், அது நீளம் அல்ல. பாக்கெட்டில் முன்பே வந்த பெயரைச் சுட்டும் குறி. அதன் கீழ் 6 பிட்டும் அடுத்த பைட்டும் சேர்ந்த 14 பிட் எண்தான் இடம். தன்னையே சுட்டும் குறியை வேண்டுமென்றே அனுப்பினால் கவனமில்லாத நிரல் முடிவில்லாமல் சுற்றும். குறி எப்போதும் பின்னோக்கியே போக வேண்டும் என்று சோதியுங்கள், தாவல்களுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒவ்வொரு பைட்டைப் படிக்கும் முன்பும் பாக்கெட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறோமா என்று பார்ப்பது சி மொழியில் யாரும் நமக்காகச் செய்து தராத வேலை. முதல் விடையே முகவரியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்: வகை 5 என்றால் அது வேறொரு பெயருக்கான மாற்றுப்பெயர், அதைத் தாண்டிப் போய் வகை 1, நீளம் 4 உள்ள பதிவைத் தேட வேண்டும்.

சி-ஏரெஸ்

மேலே சொன்ன அத்தனையையும் பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு வைத்திருப்பது சி-ஏரெஸ். எம்.ஐ.டி.யில் கிரெக் ஹட்சன் எழுதிய ஏரெஸிலிருந்து கிளைத்தது; கர்ல் நிரலை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் வளர்த்தெடுத்தது. டெபியன், உபுன்டு, ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். மூன்றிலும் லிப்சி-ஏரெஸ்-டெவ் என்ற பொதியை நிறுவினால் போதும்.

ஏரெஸ்_லைப்ரரி_இனிட்டை நிரல் தொடக்கத்தில் ஒருமுறை கூப்பிடுங்கள். ஏரெஸ்_இனிட்_ஆப்ஷன்ஸ் ஒரு சேனலைத் தரும். டைம்-அவுட்டையும் முயற்சி எண்ணிக்கையையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் இயல்பான அளவுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஏரெஸ்_கெட்அட்ரின்ஃபோ, கூடவே ஒரு கால்பேக். சுழற்சியில் மூன்று வேலை: எந்த சாக்கெட்டுகளைக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்பது, ஏரெஸ்_டைம்அவுட்டிடம் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கேட்பது, போல் திரும்பியதும் ஏரெஸ்_பிராசஸ்_எஃப்டியைக் கூப்பிடுவது.

புதியவர்கள் வழுக்குவது இந்த மூன்றாவதில். போல் 0 என்று திரும்பினால் 'ஒன்றும் வரவில்லை, அடுத்த சுற்றுக்குப் போவோம்' என்று தாண்டிவிடுகிறார்கள். ஒன்றும் வராததைத்தான் லைப்ரரிக்குச் சொல்ல வேண்டும். அப்போது சாக்கெட் இடத்தில் ஏரெஸ்_சாக்கெட்_பேட் என்ற மதிப்பைக் கொடுத்து ஏரெஸ்_பிராசஸ்_எஃப்டியைக் கூப்பிட்டால்தான் அது கெடுவைப் பார்த்து மறுமுயற்சி செய்யும். கூப்பிடாவிட்டால் கேள்வி காலாவதியாகவே ஆகாது, கால்பேக்கும் வராது. நல்ல இணையத்தில் மட்டுமே சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

கால்பேக்கைப் பற்றி இரண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் அது சரியாக ஒருமுறை வரும். ஏரெஸ்_கேன்சல், ஏரெஸ்_டெஸ்ட்ராய் வழியாக நிறுத்தினாலும் அதற்குரிய குறியோடு வரும். ஆகவே கேள்வியோடு கொடுத்த தரவைக் கால்பேக்கில்தான் விடுவிக்க வேண்டும், வேறெங்கும் கூடாது. இரண்டாவது, ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே விடை இருந்தாலோ பெயருக்குப் பதில் எண் முகவரியையே கொடுத்திருந்தாலோ, ஏரெஸ்_கெட்அட்ரின்ஃபோ திரும்புவதற்கு முன்பே கால்பேக் வந்துவிடலாம். கூப்பிட்ட பிறகு 'வெளியே உள்ள கேள்விகள்' கணக்கை ஒன்று கூட்டுவது என்று எழுதியிருந்தால் கணக்கு கழிந்த பிறகு கூடும். முதலில் கூட்டிவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள்.

இன்னொரு பொறி: ஒரே வளாகத்துக்குள் பெயர் தேடும் எம்.டி.என்.எஸ். முறையில் புள்ளி லோக்கல் என்று முடியும் பெயர்கள் கெட்அட்ரின்ஃபோவில் வேலை செய்யும், சி-ஏரெஸில் செய்யாது. மலைக்குள் உள்ள கருவிகளுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தால் அவற்றை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடுவது எளிது.

கடைசியாகத் தெரிந்த முகவரி

கேள்வியை எவ்வளவு அழகாக அனுப்பினாலும் ஃபைபர் அறுந்த நாளில் பதில் இல்லை. கருவிகளின் முகவரி அன்றாடம் மாறுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கடைசியாகக் கிடைத்த முகவரியையும் கிடைத்த நேரத்தையும் ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். டைம்-அவுட் அல்லது 2-ஆம் பிழை வந்தால் அந்த முகவரியையே முயன்று பாருங்கள். 3-ஆம் பிழை வந்தால் முயலாதீர்கள், அந்தப் பெயரை யாரோ நீக்கியிருக்கிறார்கள்.

நிரலைத் தொடாமல் இதையே பெற இன்னொரு வழி, அதே ராஸ்பெர்ரி பையில் அன்பவுண்ட் என்ற டி.என்.எஸ். சர்வரை ஓடவிட்டு சர்வ்-எக்ஸ்பயர்ட் என்ற அமைப்பை இயக்குவது. மேலிடத் தொடர்பு இல்லாதபோது காலாவதியான விடையையே தரும். 2020-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8767 இந்த நடைமுறையைத்தான் விவரிக்கிறது. எங்களைக் கேட்டால் இரண்டையும் செய்யுங்கள்: அன்பவுண்டின் நினைவு ரேமில் இருப்பது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

மழைக்கு முன்பே சோதிப்பது

லினக்ஸில் டி.சி. கட்டளையின் நெட்எம் வசதியால் 300 மில்லிவிநாடி தாமதமும் 20 சதவீதப் பாக்கெட் இழப்பும் செயற்கையாக உண்டாக்கலாம். அதோடு நிரலை ஓடவிட்டு, போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டி.சி.பி.டம்ப்பில் 53-ஆம் போர்ட்டைப் பாருங்கள். மறுமுயற்சிகள் 2 விநாடி, 4 விநாடி இடைவெளியில் அதே அடையாள எண்ணோடு போகின்றனவா என்று கண்ணால் காணலாம். பிறகு ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை இரண்டு விதமாக அடைத்துப் பாருங்கள். டிராப் செய்தால் அமைதி. டைம்-அவுட் வழி சோதிக்கப்படும். ரிஜெக்ட் செய்தால் மறுப்பு உடனே வரும். பிழை வழி சோதிக்கப்படும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியென்று ஆகாது.

கேள்விகள் வெளியே இருக்கும்போதே நிரலை நிறுத்திப் பாருங்கள். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்திருந்தால், விடுவித்த தரவைக் கால்பேக் தொட்டால் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். முடிவில் கடிகாரத்தை ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் தள்ளிப் பாருங்கள். 40 பெயர்களும் 40 விநாடிக்குள் விடையோடோ பிழையோடோ திரும்பி, எச்சரிக்கை மணியும் திரையும் அவ்வளவு நேரமும் தடையின்றி ஓடினால், தென்மேற்குப் பருவமழை தேவாலாவைத் தொடும் முன்பே அந்த ராஸ்பெர்ரி பையை ஓடவிட்டுவிடலாம்.